தலைப்பிரசவமும் தரவரிசைப் பட்டியலும்

கேரளத்தின் இடுக்கி மலையில், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெண்ணுக்குத் தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடித்து மலையிறக்கி அழைத்துப் போய்விடுவார்கள். போடியோ, கம்பமோ, சங்கரன்கோவிலோ, தாய்வீடு எங்கே இருக்கிறதோ அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறக்கும். மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு, அதாவது தோட்டக் கம்பெனியின் வரிசை வீட்டுக்கு, திரும்புவார்கள். அங்கன்வாடியிலிருந்து பிளஸ் டூ வரை அந்தப் பிள்ளை மலையிலேயே படிக்கும். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடும் நாளில்தான், பிறந்த இடம் என்ற கட்டத்தில் தமிழ்நாடு என்று எழுத வேண்டியிருப்பதன் பொருள் வீட்டுக்குத் தெரிய வரும்.

கேரளத்தில் இன்ஜினியரிங், பார்மசி, மருத்துவப் படிப்புகளுக்கான சேர்க்கை, கீம் என்ற ஒரே விண்ணப்பத்தில் நடக்கிறது. அதன் விதிப்படி மாணவரோ, அப்பா அம்மாவில் ஒருவரோ கேரளத்தில் பிறந்திருந்தால் 'கேரளத்தவர்'. மூவருமே வெளியில் பிறந்திருந்தால் கதை வேறு. இது அரிதாக நடப்பதில்லை. அப்பா தன் அம்மாவுக்குத் தலைப்பிள்ளை, அவர் பிறந்தது கோவில்பட்டியில். அம்மா தேனிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிள்ளை பிறந்தது போடியில். நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பம் என்றாலும், காகிதத்தில் மூவரும் வெளியூர்க்காரர்கள். இப்படிப்பட்ட மாணவர் எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை கேரளத்தில் படித்திருந்தால், 'கேரளத்தவரல்லாதோர் முதல் வகை'யில் சேர்ப்பார்கள். மெரிட் இடத்துக்குப் போட்டி போடலாம். சாதி இடஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கிடையாது. பக்கத்து லயத்துப் பிள்ளையும் இந்தப் பிள்ளையும் ஒரே மார்க் எடுத்திருந்தாலும், ஒருத்திக்கு சீட், இன்னொருத்திக்கு வெறும் ரேங்க் நம்பர்.

பிறந்த இடத்தை மாற்ற முடியாது, மாற்றப் பார்க்கவும் கூடாது. செய்ய வேண்டியது வேறு. அப்பா அம்மாவில் யாராவது ஒருவர் எஸ்டேட் ஆஸ்பத்திரியிலோ லயத்திலோ பிறந்திருப்பார், ஆனால் பிறப்பைப் பதிந்திருக்க மாட்டார்கள். அந்தப் பழைய பிறப்பைக் காலம் கடந்தும் பதிய வழி இருக்கிறது. ஒரு வருஷம் தாண்டிய பிறப்புக்கு முன்பெல்லாம் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியரோ, கோட்ட அளவிலான நிர்வாக நடுவரோ, ஆட்சியர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவரோ உத்தரவு போடுகிறார். பதிவு இல்லை என்ற சான்று, பள்ளிப் பதிவேட்டு நகல், உறுதிமொழிப் பத்திரம் மூன்றும் வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே தொடங்கினால்தான் பிளஸ் டூவுக்குள் கைக்கு வரும்.

இனிப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு வேலை உண்டு. பிறப்புப் பதிவுப் படிவத்தில் பிரசவ சமயத்தில் பெற்றோர் இருந்த முகவரி என்று ஒரு கட்டம், பெற்றோரின் நிரந்தர முகவரி என்று இன்னொரு கட்டம். ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்புகிறவர் பாட்டி வீட்டு முகவரியை இரண்டிலும் எழுதிவிடுவார். நிரந்தர முகவரியில் எஸ்டேட் பெயர், டிவிஷன், லயம் எண், அஞ்சலகம், இடுக்கி மாவட்டம் எல்லாம் வர வேண்டும். 21 நாளுக்குள் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பெயர் வைக்காமல் பதிந்திருந்தால் பன்னிரண்டு மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை. 1.10.2023 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்று ஒன்றே ஆதாரம். முன்பு போல டி.சி.யைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

'படிச்சு மார்க் வாங்குனா எவன் தடுக்க முடியும்' என்று லயத்தில் பெரியவர்கள் சொல்வதில் நம்பிக்கை இருக்கிறது, அந்த நம்பிக்கை பிள்ளைகளுக்கு வேண்டும். ஆனால் எல்லையோரத்தில் அது பாதி உண்மைதான். மார்க்கை எந்தத் தராசில் நிறுப்பது என்பதை மாநிலம் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. பிளஸ் டூ கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குக் கட்ஆஃப். எல்லையில் உள்ள போடிமெட்டு தாண்டினால் கீம். அங்கே பிளஸ் டூ மார்க்குக்கு 300, நுழைவுத் தேர்வுக்கு 300, ஆக 600. அந்த 300-ஐ எப்படிச் சமன் செய்வது என்ற சூத்திரத்தைக் கேரள அரசு 2025-இல் மாற்றியது. கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெளியான ரேங்க் பட்டியல் ஜூலையில் ரத்தாகி, பழைய சூத்திரத்தில் புதுப் பட்டியல் வந்தது. விடைத்தாள் ஒன்றுகூட மாறவில்லை, ரேங்க் மட்டும் மாறியது. தகுதி என்பதைத் தேர்வு மதிப்பெண்ணாக மட்டும் சுருக்கிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் மருத்துவ இடஒதுக்கீட்டு வழக்கில் சொன்னது ஏதோ தத்துவம் என்று நினைக்க வேண்டாம். இந்த மலையில் அது அன்றாட நடப்பு.

அதனால் முதல் முடிவை ஐந்தாம் வகுப்பு முடியும் மார்ச் மாதத்திலேயே எடுக்க வேண்டும். எந்த மாநிலத்துப் பட்டியலில் பிள்ளை நிற்கப்போகிறது? தமிழ்நாட்டில் மருத்துவ சேர்க்கைக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேயே படித்திருந்தால் நேட்டிவிட்டி சான்று கேட்பதில்லை. இன்ஜினியரிங்குக்கு அது எட்டிலிருந்து பன்னிரண்டு. இடையில் ஒரு வருஷம் வெளியில் படித்திருந்தாலும் நேட்டிவிட்டி சான்று வேண்டும். வேறு மாநிலத்தைச் சேர்ந்தவர் என்று ஆகிவிட்டால், முழுவதும் தமிழ்நாட்டில் படித்திருந்தாலும் பொதுப் போட்டியில் மட்டும்தான் இடம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் மருத்துவத்தில் 2020-இலும் இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021-இலும் வந்தது. அதற்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிதான் கணக்கு. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆறாம் வகுப்பு முதலே கணக்கு.

இங்கே நடக்கும் பெரிய தவறு, பத்தாம் வகுப்பை மலையில் முடித்துவிட்டுப் பதினொன்றுக்குப் போடிக்கோ தேனிக்கோ போவது. நல்ல பள்ளி, தமிழில் சொல்லித்தருவார்கள், அத்தை வீடு பக்கத்தில் என்று நியாயமான காரணம் சொல்லித்தான் போகிறார்கள். அந்தப் பிள்ளை தமிழ்நாட்டின் ஆறு, எட்டு விதிகளிலும் சேராது. கேரளத்தில் எட்டு முதல் பன்னிரண்டு என்ற தொடர்ச்சியும் அறுந்துவிடும். அப்பா அம்மாவில் ஒருவர் கேரளத்தில் பிறந்ததற்குச் சான்று இருந்தால் ஒரு பக்கம் தப்பிக்கும். இல்லையென்றால் இரண்டு கரைக்கும் நடுவில் நிற்க நேரலாம். ஆறாம் வகுப்பிலேயே போவதென்றால் போகலாம். பதினொன்றில் போகாதீர்கள்.

பாலக்காட்டுப் பக்கம், சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஊர்களில் சிக்கல் இவ்வளவு இறுகுவதில்லை. அங்கே பல குடும்பங்களுக்குக் காணி நிலமாவது இருக்கிறது, நிலவரி ரசீது இருக்கிறது. பொள்ளாச்சிப் பள்ளிக்கும் உள்ளூர்ப் பள்ளிக்கும் நடுவில் பிள்ளையை மாற்றி மாற்றிச் சேர்ப்பதுதான் அங்கே முக்கியமான பிழை.

மலையில் நிலம் இல்லை. பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு இது எங்கே வலிக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

அரசியல் சாசனத்தின் 341-ஆம் பிரிவு பட்டியல் சாதிகளை மாநிலவாரியாகத்தான் அறிவிக்கிறது. அந்த ஆணை 10.8.1950 தேதியிட்டது. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதிக்காரர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், போன இடத்தில் அந்த மாநிலத்தின் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது, 1994-இல் உறுதி செய்தது. அவர் சாதிப் பெயர் அந்த மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும் இதுவே விதி. பள்ளன், பறையன், சக்கிலியன், அருந்ததியர் என்ற பெயர்கள் கேரளப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் தாலுக்கா ஆபீஸில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் முன்னோர் 10.8.1950-க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு என்ன ஆதாரம்?

திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். தேயிலையைக் காடு வெட்டி நட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கேட்கப்படும் கேள்வி இது. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. எல்லைதான் அவர்கள் தலைக்கு மேல் வந்து விழுந்தது, அவர்கள் எல்லை தாண்டவில்லை. ஆனால் வில்லேஜ் ஆபீஸில் முதலில் கேட்பது 'கரம்', அதாவது நிலவரி, அடைத்த ரசீது. கம்பெனி லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கு ஒரு சென்ட் நிலத்துக்குக்கூட வரி ரசீது இருக்காது. இந்த இடத்தில் எத்தனையோ குடும்பங்கள் 'நமக்குக் குடுக்க மாட்டாங்க' என்று திரும்பிவிடுகின்றன. திரும்ப வேண்டியதில்லை. நிலக் காகிதம் இல்லாவிட்டாலும் வேறு காகிதங்கள் இருக்கின்றன, தேடி எடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் வலுவானது அப்பா வழி ரத்த சொந்தத்தில் ஒருவருக்கு அதே தாலுக்காவில் முன்பே கொடுத்த சாதிச் சான்று. பெரியப்பா மகன், சித்தப்பா மகள், யாரிடமாவது இருக்கும். அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் வம்சாவளியை ஒரு தாளில் கொள்ளுத்தாத்தாவிலிருந்து கீழ்நோக்கி வரைந்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு ஆதாரத்தின் எண்ணை எழுதுங்கள். அடுத்தது எஸ்டேட் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. தாத்தாவோ அவருடைய அண்ணன் தம்பியோ ஒண்ணாம் கிளாஸில் சேர்ந்திருந்தால் பெயர், தகப்பன் பெயர், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி ஐந்தும் ஒரே வரியில் இருக்கும். தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். பள்ளியை மூடியிருந்தாலோ வேறு பள்ளியோடு சேர்த்திருந்தாலோ பதிவேடு எங்கே போனது என்று உதவிக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

மூன்றாவது கம்பெனிக் காகிதங்கள்: செக்ரோல் (வருகைப் பதிவேடு), சர்வீஸ் ரெக்கார்ட், பி.எஃப். ஸ்லிப். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டமே 1952-இல்தான் வந்தது. ஆகவே தாத்தாவின் பி.எஃப். எண் மட்டும் 1950-ஐ நிரூபிக்காது. அவர் 1958-இல் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்திருந்தால், அந்த சர்வீஸ் ரெக்கார்டில் தகப்பன் பெயரும் தகப்பன் வேலை பார்த்த டிவிஷனும் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் உங்களை 1950-க்கு முன்னால் கொண்டுபோகும் படி. முதல் பொதுத் தேர்தலின் வாக்காளர் பட்டியல் 1951-52 காலத்தது, அதுவும் 10.8.1950-க்குப் பிந்தையதுதான். தனியாகப் போதாது, பள்ளிப் பதிவேட்டோடு சேர்ந்தால் பலம். நகல் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு பழையது, நம்பகமானது என்று சிலர் கொண்டுபோய் வைக்கிறார்கள். யோசித்துச் செய்யுங்கள். 1950 ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும். குடியிருப்பை நிரூபிக்கப் போய் மதக் கேள்வி எழுந்துவிடும், விசாரணை வருஷக்கணக்கில் நீளும். கிறிஸ்தவ தலித் குடும்பங்களுக்கு இந்தக் கதவு மூடியே இருப்பது பெரிய அநியாயம் என்பது எங்கள் கருத்து. ஆனால் விதி இன்றைக்கு அப்படித்தான்.

சாதிப் பெயரை எழுதும் விதத்திலும் காரியம் கெடும். ஒண்ணாம் கிளாஸில் சேர்க்கும்போது சாதி என்ன என்று கேட்டால், வீட்டில் பேசும் பெயரையோ வெறுமனே 'எஸ்.சி.' என்றோ சொல்லி எழுதவைத்துவிடுகிறார்கள். 2021-இல் தமிழ்நாட்டில் பள்ளன், குடும்பன், பண்ணாடி, தேவேந்திரகுலத்தான் உள்ளிட்ட ஏழு பெயர்களைச் சேர்த்துத் தேவேந்திரகுல வேளாளர் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அது தமிழ்நாட்டுப் பட்டியலுக்கு மட்டுமான திருத்தம். மலையில் இருக்கும் குடும்பம் பெருமையோடு அந்தப் பெயரைப் பள்ளியில் பதிந்தால், கேரளப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லாததால் சான்று நின்றுவிடும். கேரளப் பள்ளிப் பதிவேட்டில் கேரளப் பட்டியலில் உள்ள பெயரை அப்படியே எழுதுங்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்புகளுக்கும் இதுவே: இரண்டு மாநிலப் பட்டியல்களும் வேறு, மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலும் மாநிலவாரியாக வேறு. கிரீமி லேயர் இல்லை என்ற சான்றில் மாநிலத்துக்கு ஒரு படிவம், மத்திய அரசுக்கு ஒரு படிவம். இரண்டையும் ஒரே நாளில் எழுதிக்கொடுங்கள்.

1950-க்குப் பிறகு மலையேறிய குடும்பமென்றால் பொய் சொல்லித் தேதியை முன்னால் தள்ளாதீர்கள். அவர்களுக்கும் கதவு முழுதாக மூடவில்லை. தகப்பனுக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த சாதிச் சான்றின் அடிப்படையில், இப்போது குடியிருக்கும் மாநிலமே குடிபெயர்ந்தோருக்கான படிவத்தில் சான்று தரலாம். அது கேரள அரசின் சலுகைக்கு உதவாது. மத்திய அரசு வேலைக்கும், ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்கும், நீட்டில் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் உதவும்.

இரண்டு மாநிலத்திலும் ரேஷன் கார்டு, இரண்டிலும் ஓட்டு, இரண்டிலும் சாதிச் சான்று என்று வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆபத்தான காரியம் இது. செல்லாத சாதிச் சான்றில் பெற்ற சீட்டோ வேலையோ எத்தனை வருஷம் கழிந்தாலும் நிற்காது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. கேரளத்தில் சந்தேகம் வந்தால் கோழிக்கோட்டில் உள்ள கிர்த்தாட்ஸ் என்ற பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வு நிறுவனத்தின் விசாரணைக்குப் போகும். பத்து வருஷம் வேலை பார்த்தபின் வரும் விசாரணையைத் தாங்கும் குடும்பம் தோட்டத்தில் கிடையாது.

பெயர் எழுத்துக்கூட்டலைச் சிறு விஷயமாக நினைப்பார்கள். மாரியப்பன் என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் 'ஒய்' போட்டு எழுதுவார், இன்னொருவர் போடாமல் எழுதுவார். மலையாளத்தில் எழுதி அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் மூன்றாவது உருவம் வரும். இனிஷியல் தமிழ்நாட்டுக் காகிதத்தில் முன்னால், கேரளக் காகிதத்தில் பின்னால். கேரளத்தின் இ-சேவை மையமான அக்ஷயா சென்டரில் 'சேச்சி, அப்பா பேர் ஆதார்ல இருக்குற மாதிரியே போடுங்க' என்று சொல்லிவிட்டு, சமர்ப்பிக்கும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. சரிசெய்ய நல்ல நேரம் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் 'சம்பூர்ணா' மென்பொருளில் இருப்பதுதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் போகிறது. வகுப்பாசிரியரிடம் அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சான்றிதழ் அச்சான பிறகு திருத்தம் என்றால் திருவனந்தபுரம் பரீட்சா பவன் வரை போகும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறை. அதை அவசரத்தில் வீணாக்க வேண்டாம். அப்பா பெயர் இரண்டு விதமாகப் பதிவாகி இனி மாற்ற வழியில்லை என்றால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று வில்லேஜ் ஆபீஸர் தரும் சான்று இருக்கிறது. 'ஒன் அண்ட் சேம்' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

மொழி அடுத்தது. மூணாறில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம் படித்த பிள்ளை பதினொன்றில் திடீரென்று ஆங்கிலத்தில் இயற்பியல் படிக்கிறது. முதல் மூன்று மாதம் அதற்குப் பாடம் புரியாமல் போவதில்லை, சொல் புரியாமல் போகிறது. உந்தம், முடுக்கம், விசை என்று நன்றாகத் தெரிந்த பிள்ளை, அதே பொருளுக்கு ஆங்கிலச் சொல் வந்ததும் தனக்கு அறிவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து ரிசல்ட் வரும் இடைவெளியில், எட்டு, ஒன்பது, பத்து அறிவியல் புத்தகங்களின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகளைப் பக்கத்தில் வைத்து நாளைக்கு இருபது சொல் எழுதினால், இரண்டு மாதத்தில் ஆயிரத்தைத் தாண்டும். பதினொன்றாம் வகுப்பின் முதல் பருவத்தை அது காப்பாற்றும்.

நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாட்டு மையங்களில்தான், கேரள மையங்களில் மலையாளம். தமிழில் எழுத வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே தமிழ்நாட்டு நகரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின நாளே மலையிறங்கிவிடுவது நல்லது, மழையில் மண் சரிந்தால் போடிமெட்டுப் பாதை நின்றுவிடும். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த அந்த வினாத்தாளில் இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலமே முடிவானது. எண்களையும் அலகுகளையும் ஆங்கிலப் பகுதியில் ஒருமுறை சரிபார்க்கப் பழக்குங்கள். அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று: நீட் எழுதினால் போதும், மார்க் வந்ததும் மாநிலத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பது. தமிழ்நாட்டில் அப்படித்தான், அங்கே ரிசல்ட்டுக்குப் பிறகு விண்ணப்பம். போடியில் இருக்கும் சொந்தக்காரர்கள் அதையே சொல்வார்கள். கேரளத்தில் மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடம் வேண்டுமென்றால், நீட்டுக்கு முன்பே கீம் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். அந்தக் கடைசித் தேதியைத் தவறவிட்டால் எத்தனை மார்க் வந்தாலும் அந்த வருஷம் பட்டியலில் பெயர் வராது.

ஆபீஸ் வாசலில் நிற்கும்போது இரண்டு சட்டம் கையில் இருக்கட்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியில் உள்ள ஆபீஸ்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. மனுவைத் தமிழில் எழுதுங்கள், அவசரக் காரியமென்றால் மலையாளப் பிரதி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். உரிமை விட்டுப்போகாது, தாமதம் குறையும். இரண்டாவது, கேரளத்தின் சேவை உரிமைச் சட்டம் 2012. எந்தச் சான்றுக்கு எத்தனை நாள், யார் பொறுப்பு என்று ஆபீஸில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'இல்லப்பா, கெடைக்காது' என்று வாயால் சொன்னதற்கு மேல்முறையீடு கிடையாது, எழுதித் தந்ததற்கு உண்டு. தேவிகுளத்துக்கு ஒருமுறை போய்வந்தால் ஒரு நாள் கூலி போகிறது, பைனாவு கலெக்டரேட் என்றால் கிளம்பும் நேரத்தில் விடிந்தே இருக்காது. ரசீது எண் இருந்தால் பாதிப் பயணம் மிச்சம்.

காகிதங்கள் லயத்தில் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரை லயங்களோடு கொண்டுபோனது. அன்றைக்குப் போன உயிர்களுக்கு முன்னால் காகிதம் ஒன்றுமில்லை. ஆனால் மிஞ்சியவர்களுக்கு மறுநாளிலிருந்து ஒவ்வொரு ஆபீஸிலும் காகிதம் தேவைப்படும். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதி டிஜிலாக்கரில், ஒரு பிரதி மலைக்குக் கீழே உள்ள சொந்தக்காரர் போனில் வையுங்கள்.

கடைசியாக, வீடு. அப்பாவோ அம்மாவோ ரிட்டயர் ஆனால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்தால் வீடு நிற்கும். எந்தப் பிள்ளை என்ற பேச்சு, மூத்தது பிளஸ் டூவில் இருக்கும்போதே வீட்டில் தொடங்கிவிடும். நன்றாகப் படிக்கும் பிள்ளையே 'நான் பதிஞ்சுக்கிறேன், தம்பி படிக்கட்டும்' என்று சொல்வது இந்த மலையில் ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. அதைத் தியாகம் என்று பாராட்டிவிட்டு நகரக் கூடாது, அந்தப் பிள்ளையின் படிப்பு அங்கே முடியத் தேவையில்லை. பேர் பதிந்தவர் கொல்லத்தில் உள்ள ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ பட்டம் படிக்கலாம்.

அதைவிட நேரடியான வழி கேரள பி.எஸ்.சி., அதாவது கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வு. விண்ணப்பக் கட்டணம் இல்லை. எழுத்தர் வேலைக்கு வயது 18 முதல் 36, பிற்படுத்தப்பட்டோருக்கு 39, பட்டியல் சாதியினருக்கு 41. பத்தொன்பது வயதில் கொழுந்துக் கூடை எடுத்த பட்டியல் சாதிப் பெண்ணுக்கு இருபது வருஷத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தர் என்று தனிப் பணியிடம் அறிவிக்கிறார்கள், தமிழ் மீடியம் ஆசிரியர் இடங்களும் வருகின்றன. இவற்றுக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதை விரோதமாகப் பார்க்காமல் ஆறாம் வகுப்பிலிருந்தே படித்துவைத்த பிள்ளைகள்தான் முன்னால் நிற்கிறார்கள். பி.எஸ்.சி.யின் 'துளசி' இணையதளத்தில் ஒருமுறைப் பதிவைப் பதினெட்டு முடிந்ததும் போட்டுவிடுங்கள். சாதி விவரம், வினாத்தாள் மொழி இரண்டையும் விண்ணப்பிக்கும்போதே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்ணப்பம் போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். தேர்வு நாள் அறிவித்தபின், எழுத வருவேன் என்று அதே தளத்தில் உறுதி சொல்ல ஒரு கடைசித் தேதி கொடுப்பார்கள். அதைச் சொல்லாவிட்டால் ஹால் டிக்கெட் வராது. டவர் கிடைக்காத டிவிஷனில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மூணாறு இறங்கும்போது, காய்கறி வாங்கும் முன் துளசியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.